இப்னு அரபீயை ஷைகு அஹ்மது ஸிர்ஹிந்தீ மறுத்தாரா, ஏற்றாரா?

தேடலன்:
அஸ்ஸலாமு அலைக்கும். தஸவ்வுஃப், அதாவது ஸூஃபி ஞானநெறி, பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஷைகு அஹ்மது ஸிர்ஹிந்தீ (1564–1624) அவர்களை "வஹ்தத்துல் வுஜூதை மறுத்தவர்" என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அடக்கிவிடுகிறோம். (இறைவனைத் தவிர வேறெதற்கும் உள்ளமை இல்லை என்பதே வஹ்தத்துல் வுஜூத்; இப்னு அரபீயின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கொள்கை.) அவர் பார்சி மொழியில் எழுதிய கடிதங்களின் தொகுப்பான மக்தூபாத்தை இப்போது வாசித்துவருகிறேன். முதல் தொகுதியின் 100-ஆம் கடிதத்தில், நமக்கு வேண்டியது நஸ்ஸு, அதாவது மறைவாக்கு (வேதத்தின் சொல்), ஃபஸ்ஸு அன்று என்றும், மதீனாவின் ஃபுதூஹாத் மக்காவின் ஃபுதூஹாத்தை நமக்குத் தேவையற்றதாக்கிவிட்டது என்றும் எழுதுகிறார். ஃபுஸூஸுல் ஹிகம், அல்ஃபுதூஹாத்துல் மக்கிய்யா என்னும், ஸூஃபி ஞானி இப்னு அரபீயின் இரு பெருநூல்களையும் ஒரே மூச்சில் ஒதுக்கும் பேச்சு இது. ஆனால் அதே தொகுதியின் 266-ஆம் கடிதத்தில், அதே இப்னு அரபீ இறைவனால் ஏற்கப்பட்டவர்களுள் ஒருவராகவே தம் பார்வைக்குத் தெரிகிறார் என்கிறார். இடைப்பட்ட காலத்தில் அவர் மனம் மாறினாரா, கடிதம் பெறுபவரைப் பொறுத்துத் தொனியை மாற்றிக்கொண்டாரா, அல்லது இரண்டும் ஒரே நிலைப்பாட்டின் பகுதிகளா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி:
வ அலைக்குமுஸ்ஸலாம். இரண்டும் ஒரே நிலைப்பாட்டின் பகுதிகள் என்பதே என் கருத்து. ஆனால் 100-ஆம் கடிதம் எழுந்த சந்தர்ப்பத்தை முதலில் கவனிக்க வேண்டும். அது முல்லா ஹஸன் கஷ்மீரிக்கு எழுதப்பட்டது. அல்லாஹ் மறைவானவற்றை அறிபவன் அல்லன் என்று ஷைகு அப்துல் கபீர் யமனீ சொன்னதாகவும், அதற்கு என்ன பொருள் கொள்வது என்றும் அவர் கேட்டிருந்தார். இறைவனுக்கு மறைவு என்பதே கிடையாது என்ற நுட்பத்தைச் சொல்ல வந்த பேச்சு அது என்று சமாதானம் சொல்ல இடமுண்டு. ஸிர்ஹிந்தீ அந்தச் சமாதானத்துக்கே இடம் தராமல், இத்தகைய பேச்சைக் கேட்கும் பொறுமை தமக்கு இல்லை என்றும், கேட்டவுடன் தம்முடைய ஃபாரூக்கீ நரம்பு தன்வசமின்றித் துடிக்கிறது என்றும் எழுதுகிறார். அவர் உமர் ஃபாரூக் (ரலி) அவர்களின் வழித்தோன்றல். அந்த வேகத்தில்தான், சொன்னவர் யமன் நாட்டு ஷைகாக இருந்தாலும் ஷாம் நாட்டு ஷைகுல் அக்பராக (இப்னு அரபீயாக) இருந்தாலும், தேவைப்படுவது அரபு நாட்டு முஹம்மது நபியின் சொல்லே தவிர முஹ்யித்தீன் இப்னு அரபீ, ஸத்ருத்தீன் கூனவீ, அப்துர் ரஸ்ஸாக் காஷீ ஆகியோரின் சொல் அன்று என்கிறார். மறைவாக்குக்கு எதிராக யாருடைய அனுபவத்தையும் ஆதாரமாகக் கொண்டு வராதீர்கள் என்பதே அதன் சாரம். இப்னு அரபீயின் இறைநேசத்தை அங்கே அவர் எடைபோடவில்லை.

266-ஆம் கடிதம் வேறு வகையானது. தம் குருவாகிய காஜா பாகீ பில்லாஹ்வின் மக்களுக்கு, நம்பிக்கைக் கோட்பாடுகளை ஒழுங்காகக் கற்பிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட நீண்ட கடிதம் அது. அங்கே தீர்ப்பை நிதானமாக இரு கூறாகப் பிரிக்கிறார். இப்னு அரபீ ஏற்கப்பட்டவர்களுள் ஒருவர்; ஆனால் சத்தியவழியினரின் கருத்துக்கு முரணாக அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை பிழை. இந்த இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பது தமக்கே வியப்பாக இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கடல்நிலா:
இது எனக்குச் சமரசமாகவே தோன்றுகிறது. ஒருவருடைய கருத்துகளில் பெரும்பாலானவை பிழை என்று சொல்லிவிட்டு அவரை இறைநேசர் என்றும் சொல்வது, முன்னோர்மேல் கை வைக்கத் தயங்கும் மரியாதையாகவும் இருக்கலாம் அல்லவா? மேலும், ஸிர்ஹிந்தீ சேர்ந்திருந்த நக்‌ஷபந்தி தரீக்காவின் (ஸூஃபி நெறியின்) பெரியோர்களில் பலர் இப்னு அரபீயைக் கொண்டாடியவர்கள். காஜா உபைதுல்லாஹ் அஹ்ராரின் வட்டத்தைச் சேர்ந்த ஜாமீயே ஃபுஸூஸுக்கு விளக்கம் எழுதியவர். தம்முடைய தரீக்காவின் முன்னோர்களைச் சங்கடப்படுத்தாமல் மறுக்க வேண்டிய நெருக்கடி ஸிர்ஹிந்தீக்கு இருந்தது.

ஏட்டுச்சுவடி:
நெருக்கடி இருந்தது உண்மை. ஆயினும் அவருடைய மரியாதைக்குப் பின்னால் ஒரு முறையான வாதம் இருக்கிறது. கஷ்ஃபில், அதாவது அகக்காட்சியில், நேரும் பிழை இஜ்திஹாதில், அதாவது சட்ட அறிஞரின் (முஜ்தஹிதின்) சொந்த ஆய்வில், நேரும் பிழைக்கு ஒப்பானது என்பது அவருடைய அடிப்படை விதி. தகுதியுள்ள முஜ்தஹித் முயன்று ஆராய்ந்து தவறான முடிவுக்கு வந்தாலும் அவர்மேல் குற்றமில்லை என்பது சட்டவியலில் அனைவரும் அறிந்தது. அதே மன்னிப்பை அவர் ஞானிக்கும் நீட்டுகிறார். ஆனால் அங்கேயே ஒரு கோட்டையும் கிழிக்கிறார். முஜ்தஹிதின் முடிவைப் பின்பற்றுபவனுக்கும் அந்த மன்னிப்பு உண்டு. ஞானியின் கஷ்ஃபைப் பின்பற்றுபவனுக்கு அது கிடையாது, ஏனெனில் ஒருவருடைய அகக்காட்சி இன்னொருவருக்கு ஆதாரம் ஆகாது. ஆகவே இப்னு அரபீ தப்பித்துக்கொள்கிறார். அவரை நகலெடுப்பவர் மாட்டிக்கொள்கிறார். ஷைகை மறுத்துத் தூற்றுபவரும் ஆபத்தில் இருக்கிறார், அவரை அவருடைய கருத்துகளோடு சேர்த்து ஏற்பவரும் ஆபத்தில் இருக்கிறார் என்று அவர் எழுதியதன் பொருள் இந்த விதியை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

மீஸான்:
சகோதரர் கடல்நிலா சொல்லும் நெருக்கடியைவிட அக்காலச் சூழலையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஷைகு ஃபரீது புகாரீக்கு எழுதிய 43-ஆம் கடிதத்தில், இக்காலத்தில் பலர் தவ்ஹீது வுஜூதீயை, அதாவது வஹ்தத்துல் வுஜூதை, பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி அவர்களை வகைப்படுத்துகிறார். சிலர் வெறும் பிறரைப் பார்த்துச் சொல்பவர்கள். சிலர் ஏட்டறிவால் சொல்பவர்கள். சிலருக்கு அந்த அறிவோடு சிறிது அனுபவச் சுவையும் கலந்திருக்கிறது. சிலரோ இறைமறுப்பை மூடிவைக்க அதைப் போர்வையாக்கிக்கொண்டவர்கள். எல்லாம் அவனே என்றால் தொழுபவன் யார், தொழப்படுபவன் யார் என்று கேட்டு ஷரீஅத்தின் கடமைகளிலிருந்து நழுவியவர்களே அவருடைய உண்மையான இலக்கு. அக்பர் அவையின் காலத்தில் வளர்ந்தவர் அவர் என்பதை மறந்துவிட்டு இந்த விவாதத்தை வெறும் தத்துவமாகப் படிக்கக் கூடாது.

தேடலன்:
43-ஆம் கடிதத்தை நானும் பார்த்தேன். ஷுஹூதுக்கும் வுஜூதுக்கும் வேறுபாடு காட்ட அவர் சூரியனையும் விண்மீன்களையும் எடுத்துக்காட்டாகத் தரும் இடம் அதுதானே?

ஏட்டுச்சுவடி:
அதுவேதான். பகலில் சூரியனைப் பார்ப்பவன் கண்ணுக்கு விண்மீன்கள் தெரிவதில்லை. அதனால் விண்மீன்களே இல்லை என்று அவன் முடிவு கட்டினால் அது தவறு. ஒன்றையே காண்பது தவ்ஹீது ஷுஹூதீ; ஒன்றைத் தவிர வேறெதற்கும் உள்ளமையே இல்லை என்று கொள்வது தவ்ஹீது வுஜூதீ. தன்னை இழக்கும் ஃபனா நிலை கைகூட முன்னது கட்டாயம் தேவை என்றும், பின்னது தேவையில்லை என்றும் அவர் சொல்கிறார். "ஹமா ஊஸ்த்", எல்லாம் அவனே என்பதற்கு மாற்றாக "ஹமா அஸ் ஊஸ்த்", எல்லாம் அவனிடமிருந்தே என்பதை வைப்பதும் இந்த அடிப்படையில்தான். மன்ஸூர் ஹல்லாஜின் "அனல் ஹக்" (நானே மெய்ப்பொருள்) என்ற சொல்லையும் அவர் இதே வழியில் காப்பாற்றிவிடுகிறார்: தன்னைக் காணாமற்போனவன் பேசிய பேச்சு அது; நானும் அவனும் ஒன்று என்று அறிவித்த பேச்சு அன்று.

அந்தக் கடிதத்தின் இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. காஜா பாகீ பில்லாஹ்வும் சில காலம் வுஜூதீ நிலையில் இருந்தவர்தான். இறுதி நோய்க்கு ஒரு வாரத்துக்கு முன், அந்தத் தவ்ஹீது ஒரு குறுகிய சந்து என்றும், அரச பாட்டை வேறு என்றும் தமக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டதாக அவர் சொன்னார் என்று, அவருடைய நெருங்கிய முரீது (சீடர்) ஒருவரின் வாய்மொழியாக ஸிர்ஹிந்தீ பதிவு செய்கிறார். குறுகிய சந்து என்றாலும் அது வழிதான், முட்டுச்சுவர் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். குருவின் வாயிலிருந்தே இதை எடுத்துக்காட்டுவதில் தற்காப்பும் கலந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1603-இல் காஜா மறைந்தபின், குருவின் வழியிலிருந்து விலகிவிட்டார் என்ற பேச்சுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கடல்நிலா:
அப்படியானால் அவரே அந்தச் சந்தின் வழியாக வந்தவரா?

ஏட்டுச்சுவடி:
ஆம், இந்த இழையில் பேசப்பட வேண்டிய முதன்மையான செய்தி அதுவே என்று நினைக்கிறேன். 31-ஆம் கடிதம் ஏறத்தாழ ஒரு தன்வரலாறு. அவருடைய தந்தை ஷைகு அப்துல் அஹது, அப்துல் குத்தூஸ் கங்கோஹீயின் சிஷ்தி மரபில் வந்தவர். இப்னு அரபீயின் நூல்களில் தோய்ந்தவர். ஆகவே மகனுக்குச் சிறுவயது முதலே தவ்ஹீது வுஜூதீ அறிவளவில் பழகிப்போயிருந்தது. 1599-ஆம் ஆண்டு வாக்கில் டெல்லியில் காஜாவிடம் பைஅத் (சீடராகும் உறுதிமொழி) பெற்றபின், குறுகிய காலத்தில் அதுவே அனுபவமாகத் திறந்தது. இப்னு அரபீயின் நுட்பங்கள் ஒன்றுவிடாமல் தமக்கு விளங்கின என்கிறார். ஃபுஸூஸின் ஆசிரியர் ஏற்றத்தின் எல்லை என்று கருதி, அதற்கு அப்பால் வெறும் இன்மைதான் என்று சொன்ன இடத்தையும் தாம் அடைந்ததாக எழுதுகிறார். அந்த மயக்கத்தில் காஜாவுக்கு அனுப்பிய கடிதமொன்றில், இறைமறுப்பும் இறைநம்பிக்கையும் அந்தப் பேரழகியின் கூந்தலும் முகமும்தான், நம் வழியில் இரண்டும் ஒன்றே என்னும் கருத்துடைய பார்சி அடிகளைத் தாம் எழுதியதையும் அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். பிற்காலத்தில் ஷரீஅத்தின் காவலர் என்று போற்றப்பட்டவர், தாம் ஒரு காலத்தில் எழுதிய அந்த அடிகளைத் தம் கடிதத்திலேயே மீண்டும் எடுத்தெழுதியிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மாதங்களும் ஆண்டுகளும் நீடித்த அந்த நிலை, பிறகு இறையருளால் திடீரென்று மறையத் தொடங்கியது. இறைவன் உலகோடு ஒன்றியவன் என்றும் அதனைச் சூழ்ந்து ஊடுருவியிருப்பவன் என்றும் தோன்றியதெல்லாம் விலகி, அவன் எதனோடும் ஒன்றுபட்டவன் அல்லன் என்பது தெளிவாயிற்று. பழைய நிலையை விட்டுவிட மனம் எளிதில் இசையவில்லை என்பதும் அவர் எழுத்தில் தெரிகிறது; பெரியோர் பலர் அந்த நிலையில் நின்றவர்கள் என்பதால் அதன்மேல் அவருக்குப் பற்று இருந்தது. வுஜூதிய்யத், அதற்கு மேல் உலகை நிழலாகக் காணும் ழில்லிய்யத், அதற்கும் மேல் அடிமைத்துவமாகிய அப்திய்யத் என்று பிற்காலத்தவர் எளிதாகச் சொல்லும் மூன்று படிகள் இந்தப் பயணத்திலிருந்து வந்தவையே. எனவே இப்னு அரபீ தவறான ஊருக்குப் போனவர் என்று ஸிர்ஹிந்தீ சொல்லவில்லை. வழியில் ஓரிடத்தில் தங்கி, அதையே ஊர் என்று கொண்டுவிட்டார் என்கிறார். அந்த இடத்துக்குப் போகாதவனுக்கு அதைக் குறைசொல்லும் உரிமை கிடையாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

கடல்நிலா:
விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் என் மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. இப்னு அரபீ (1165–1240) அந்த இடத்திலேயே நின்றுவிட்டார் என்பதற்கு ஆதாரம் எங்கே? அவரைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பொருளைப் பற்றியும் "அவன், அவனல்லன்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்பவர் அவர். ஃபுதூஹாத்தில் அவர் மனிதனுக்குரிய மிக உயர்ந்த நிலையாக மீண்டும் மீண்டும் போற்றுவது தூய அடிமைத்துவத்தை. அடிமை எவ்வளவு ஏறினாலும் அடிமையே, இறைவன் எவ்வளவு இறங்கினாலும் இறைவனே என்ற கருத்து அவருடைய மரபில் அடிப்படையானது. ஸிர்ஹிந்தீ தம்முடைய இறுதிப் படியாகக் காட்டும் அப்திய்யத் அங்கே முன்பே இருக்கிறது. வஹ்தத்துல் வுஜூத் என்ற கொள்கைப் பெயரே அவருக்குப் பின்வந்த கூனவீ வட்டத்தாராலும் அவர்களுக்குப் பின்னோராலும் நிலைபெற்றது. காஷீ, ஜாமீ முதலிய உரைகாரர்கள் ஒழுங்குபடுத்தித் தந்த இப்னு அரபீயை வைத்துக்கொண்டு, மூல ஆசிரியரை முதல் படியில் உட்காரவைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

மீஸான்:
உரைகாரர்கள்மேல் பழியைப் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது. ஸிர்ஹிந்தீயின் மறுப்புகளில் சில நேரடியாக ஃபுஸூஸின் வாசகங்களைப் பற்றியவை. மறுமையில் எல்லோருடைய முடிவும் அருளிலேயே போய்ச் சேரும், நெருப்பின் வேதனையும் ஒரு கட்டத்தில் வேதனையாக இராது என்ற கருத்து ஃபுஸூஸில் இருப்பதுதான். அதை 266-ஆம் கடிதம் வெளிப்படையாக மறுக்கிறது. விலாயத்துக்கும் (இறைநேசம்) நுபுவ்வத்துக்கும் (நபித்துவம்) உள்ள உறவும் அப்படித்தான். ஒரே நபியிடத்தில் அவருடைய விலாயத் அவருடைய நுபுவ்வத்தைவிட மேலானது என்பதை உஸைர் நபியைப் பற்றிய அத்தியாயத்தில் இப்னு அரபீயே எழுதியிருக்கிறார்.

ஏட்டுச்சுவடி:
இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. சகோதரர் மீஸான் சொன்ன இரண்டாவது செய்தியைச் சற்று விரிக்கலாம், ஏனெனில் ஸிர்ஹிந்தீயின் சொந்தப் பங்களிப்பு அங்கேதான் அதிகம். விலாயத் இறைவனை நோக்கிய முகம், நுபுவ்வத் படைப்பை நோக்கிய முகம். ஆகவே முன்னது உயர்ந்தது என்பது பழைய வாதம். ஸிர்ஹிந்தீ அந்த வாதத்தைத் திருப்பிப்போடுகிறார். ஏறிச் சென்றவன் மேலேயே நின்றுவிட்டால் பயணம் பாதிதான். இறங்கிவந்து மக்களோடு மக்களாக நிற்கும் நபியின் உள்ளம் இறைவனிடமிருந்து திரும்பவே இல்லை. இரண்டு முகமும் அவருக்கு ஒன்றையொன்று மறைப்பதில்லை. அதனால் ஒரே நபியிடத்திலும் நுபுவ்வத்தே மேல். மயக்கத்தைவிடத் தெளிவு மேல் என்ற அவருடைய பொதுக்கொள்கையும், ஞானியின் கடைசி இலக்கு சாதாரண அடியானைப் போல ஷரீஅத்தில் நிற்பதே என்பதும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கடல்நிலாவின் மறுப்புக்கு என் பதில் இது: இப்னு அரபீயின் அடிமைத்துவம் பற்றிய பகுதிகளுக்கு ஸிர்ஹிந்தீ போதிய இடம் தரவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளமையைப் பற்றிய வேறுபாடு அதனால் மறைந்துவிடாது. இப்னு அரபீயிடம் பொருள்களின் நிலைத்த மூலங்கள் இறையறிவில் இருப்பவை; அவை உள்ளமையின் வாசனையைக்கூட நுகர்ந்ததில்லை. புறத்தே தெரிவது ஒரே உள்ளமையின் வெளிப்பாடு. ஸிர்ஹிந்தீயிடம் பொருள்களின் மூலம் இன்மைகள். அந்த இன்மைகளின்மேல் இறைப்பண்புகளின் நிழல் விழுகிறது. அப்படி விழுந்தபின் உலகம் புறத்தே நிழலளவில் உண்மையாகவே இருக்கிறது. இறைப்பண்புகள் இறையுள்ளமையின் மேல் கூடுதலானவை என்ற மாத்துரீதி மரபின் கொள்கையை அவர் விடாமல் பிடித்திருப்பதும் இதனால்தான். கடவுளின் வல்லமை ஓர் உண்மையான உலகைப் படைத்தது என்பது அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று.

குறிஞ்சித்திணை:
வெளியிலிருந்து வாசிக்கும் ஒருவனின் கேள்வி. உலகம் தோற்றம், உலகம் உண்மை என்று பிரியும் இந்த விவாதத்தைச் சங்கரரின் அத்வைதத்துக்கும் இராமானுசரின் விசிஷ்டாத்வைதத்துக்கும் இடையிலான விவாதத்தோடு ஒப்பிடலாமா?

ஏட்டுச்சுவடி:
ஒப்பிட்டவர்கள் உண்டு, நண்பரே. நான் தயங்குவேன். உலகம் இறைவனின் உடல் என்ற இராமானுசரின் கருத்தை, இறைவன் எதனோடும் ஒன்றுபடுபவன் அல்லன் என்று வலியுறுத்தும் ஸிர்ஹிந்தீ ஏற்கமாட்டார். மேலும் இத்தகைய ஒப்பீடுகளை அவரே வெறுத்தார்: ஹிர்தே ராம் என்ற இந்து ஒருவருக்கு எழுதிய 167-ஆம் கடிதத்தில், ராமும் ரஹ்மானும் ஒன்றே என்ற கருத்தை அவர் மிகக் கடுமையாக மறுக்கிறார். அந்தக் கடுமை இன்றைய வாசகருக்கு உவப்பாக இராது. ஆனால் வுஜூதீ பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் அஞ்சினார் என்பதை அறிய அந்தக் கடிதம் உதவும்.

தேடலன்:
ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. தாமே இப்னு அரபீயைத் தாண்டிச் சென்றதாகச் சொல்வதை அவருடைய காலத்தவர் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

மீஸான்:
எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் தொகுதியின் 11-ஆம் கடிதத்தில், தம் ஏற்றத்தின்போது கலீஃபாக்களின் நிலைகளையும் கடந்து சென்றதாகப் பொருள்படும் வகையில் அவர் குருவுக்கு எழுதியிருந்தது வெளியே பரவி, பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஷைகு அப்துல் ஹக் முஹத்திஸ் திஹ்லவீ கண்டித்து எழுதினார். 1619-இல் ஜஹாங்கீர் அவரைக் குவாலியர் கோட்டையில் சிறைவைத்தார். அடுத்த ஆண்டு விடுவித்தார்.

ஏட்டுச்சுவடி:
அந்த எதிர்ப்புக்கு ஸிர்ஹிந்தீ தந்த விளக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓர் அகக்காட்சியைக் குருவிடம் உள்ளபடி தெரிவிப்பது சாலிக்கின், அதாவது ஞானவழிப் பயணியின், கடமை. அந்த நிலையின் நிறம் தம்மேல் படிந்ததைத்தான் சொன்னேன், அவர்களுக்கு நிகர் என்று உரிமை கொண்டாடவில்லை என்பது அதன் போக்கு. இப்னு அரபீயின் சொற்களுக்கு எந்த மன்னிப்பை அவர் கேட்டாரோ அதே மன்னிப்பு அவருக்கும் தேவைப்பட்டது. "என்ன செய்வது, ஷைகோடு எனக்குச் சில நேரம் போர், சில நேரம் சமாதானம்" என்று பிற்காலக் கடிதமொன்றில் அவர் எழுதியதை நான் இந்தப் பின்னணியில்தான் வாசிக்கிறேன். ஞானத்தைப் பற்றிப் பேசுவதற்கே அடித்தளம் இட்டவர், அதை விரித்துரைத்தவர் இப்னு அரபீதான் என்றும், இப்னு அரபீக்குப் பின்வந்தோரெல்லாம் அவருடைய செல்வத்தில் பங்கு பெற்றவர்கள் என்றும் அவர் ஒப்புக்கொள்வதும் அந்த வகைக் கடிதங்களிலேயே.

கடல்நிலா:
அப்படியென்றால் பிற்கால டெல்லி அறிஞர் ஷாஹ் வலீயுல்லாஹ் (1703–1762) சொன்னதே சரியாகிவிடுகிறதே. மதீனாவிலிருந்து இஸ்மாயீல் எஃபெந்தி கேட்டதற்கு எழுதிய விடையில், உவமைகளையும் உருவகங்களையும் களைந்துவிட்டால் இருவர் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றே என்று அவர் முடிக்கிறார். இன்மைகளின்மேல் பண்புகளின் நிழல் விழுகிறது என்பதற்கும், ஒரே உள்ளமை நிலைத்த மூலங்களில் வெளிப்படுகிறது என்பதற்கும் இடையே உண்மையில் எவ்வளவு தூரம் இருக்கிறது?

ஏட்டுச்சுவடி:
ஸிர்ஹிந்தீயின் மரபினரே அதை ஏற்கவில்லை. மிர்ஸா மஸ்ஹர் ஜானே ஜானான் தூண்டியதன்பேரில் குலாம் யஹ்யா என்பவர் வலீயுல்லாஹ்வை மறுத்து நூல் எழுதினார். அதற்கு வலீயுல்லாஹ்வின் மகன் ஷாஹ் ரஃபீயுத்தீன் மறுப்பு எழுதினார். என் கணிப்பில், வலீயுல்லாஹ்வின் இணக்கம் தத்துவத்தின் தளத்தில் பெருமளவு செல்லும். ஆனால் ஸிர்ஹிந்தீ தம் மறுப்பைத் தத்துவத்தில் தொடங்கியவர் அல்லர். ஒரு நிலையில் நின்று அதைக் கடந்தேன், கடந்தபின் முன்பு கண்டது முழுமையில்லை என்று தெரிந்தது என்பதே அவர் சொல்லும் ஆதாரம். இரண்டும் ஒன்றே என்றால் அவர் கடந்ததாகச் சொல்லும் தொலைவு என்னவாகிறது?

கடல்நிலா:
அந்தத் தொலைவுக்கு அவருடைய கஷ்ஃபைத் தவிர வேறு சான்று இல்லை. ஒருவருடைய கஷ்ஃபு மற்றவருக்கு ஆதாரம் ஆகாது என்பது அவர் வகுத்த விதி. அந்த விதியின்படியே, இப்னு அரபீ அவருக்குக் கீழே நின்றார் என்பதை ஏற்க நான் கடமைப்பட்டவன் அல்லன்.

ஏட்டுச்சுவடி:
ஏற்கக் கடமையில்லை என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அவரும் அதை நம்பிக்கைக் கடமையாக விதிக்கவில்லை. இதனால்தான் மறைவாக்கோடு ஒத்துப்போகிறதா என்ற அளவுகோலை அவர் கடைசி நீதிபதியாக வைத்தார். மறுமை வேதனை, நுபுவ்வத்தின் மேன்மை, படைப்பின் உண்மை ஆகிய மூன்றிலும் அந்த அளவுகோலின்படியே இப்னு அரபீயோடு முரண்பட்டார். அந்த இடங்களில் வாதாட நமக்கு அவருடைய கஷ்ஃபு தேவையில்லை. படிகளின் வரிசையில் யார் எங்கே நின்றார் என்பது வேறு கேள்வி. அதற்கு நம்மிடம் அவருடைய கடிதங்கள் மட்டுமே இருக்கின்றன.